சின்னப் பிள்ளைகளோடு பாறைக்கரை: கடல் வத்துற நேரத்துல எங்கே போகலாம், என்ன காட்டலாம்?

வைகைக்காரி (மதுரை)

மே லீவுக்கு நாகர்கோவில்ல மாமியார் வீட்டுக்குப் போறோம். பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு மூணரை. பாறைக் குழியில தேங்கி நிக்கிற கடல் தண்ணிக்குள்ள வெளிநாட்டுப் பிள்ளைங்க நண்டு, நட்சத்திர மீன் எல்லாம் தேடுற வீடியோவைப் பார்த்ததுல இருந்து பெரியவன் "நம்ம கடல்ல இதெல்லாம் கிடையாதாம்மா"ன்னு நச்சரிக்கிறான். எனக்குக் கடல்னா மெரினாவும் ராமேஸ்வரமும்தான். குமரி மாவட்டத்துல இப்படிப் பார்க்க முடியுமா? எந்த நேரம் போகணும்? வாளி, வலை எல்லாம் வாங்கணுமா? யாராவது பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனவங்க சொல்லுங்க.

கறார் கண்ணன் (சென்னை)

மூணரை வயசுப் பிள்ளையைப் பாறைக்கு ஏன் கூட்டிட்டுப் போகணும்? கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வண்டலூருக்கும் போங்க. பாசி பிடிச்ச கல்லு, வழுக்கினா மண்டை. வீடியோ பார்த்துட்டு எல்லாத்துக்கும் கிளம்பிடுறோம்.

முட்டத்துக்காரன் (குமரி)

அக்கா, பார்க்கலாம். எங்க கரையில பாறைக்கா பஞ்சம்? ஆனா மே மாசம் வேண்டாம்னுதான் முதல்ல சொல்லுவேன். கண்ணன் அண்ணன் சொன்ன வழுக்கலுக்காக இல்ல. கள்ளக்கடலுக்காக.

வெளியூர்க்காரங்களுக்கு இது பிடிபடாது. ஏப்ரல், மே மாசத்துல இங்க காத்தே இருக்காது, வானம் தெளிவா இருக்கும், கடல் படுத்துக் கிடக்குற மாதிரி தெரியும். திடீர்னு ஒரு பெரிய அலை பாறைக்கு மேல ஏறி எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போயிடும். தெற்கே இந்தியப் பெருங்கடல்ல ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அங்கிட்டு அடிச்ச புயலோட அலை, நாள் கணக்குல பயணம் செஞ்சு இங்க வந்து சேருது. இங்க காத்து இல்லாததால யாருக்கும் சந்தேகம் வராது, அதான் கள்ளத்தனம். 2024 மே 6-ம் தேதி எங்க மாவட்டத்துக் கடற்கரைக்கு வந்த மருத்துவ மாணவங்க 5 பேரை இப்படித்தான் கடல் கொண்டுபோச்சு. அந்த நாட்கள்ல கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்புல இருந்தது.

ஐதராபாத்துல இருக்குற இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) இந்த எச்சரிக்கையைக் கொடுக்குறாங்க. அவங்க சமுத்ரா செயலியை போன்ல போட்டுக்கிட்டா போதும். எச்சரிக்கை இருக்குற நாள்ல பிள்ளையோட மணல்லகூட நிக்காதீங்க.

ஜூன் பிறந்தா தென்மேற்குப் பருவம், அது வேற ஆட்டம். எங்க பக்கம் பிள்ளைகளோட பாறைக்குப் போகணும்னா டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் சொல்லுவேன். அரைப் பரீட்சை லீவு, இல்லாட்டி பொங்கல் லீவு.

பாசிக்கரை (மண்டபத்தில் படித்தவன்)

முட்டத்துக்காரன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கடல் உயிரியல் படித்த காலத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் நிறைய பாறைக்கரைகளில் வேலை பார்த்திருக்கிறேன். சில அடிப்படைகளைச் சொல்கிறேன், நீளமாகத்தான் வரும்.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மறுநாள் அதே இறக்கம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். அஷ்டமி பக்கம் இரண்டுமே மந்தம். ஆகவே காலண்டரில் திதி பார்த்து நாளைக் குறித்துக்கொண்டு, இன்காய்ஸ் தளத்தில் மணியைப் பாருங்கள். கடல் அடிமட்டம் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், அது திரும்பத் தொடங்கும்போது பிள்ளைகள் கரையில் இருக்க வேண்டும். இறங்கும் நீரோடு போவது, ஏறும் நீருக்கு முன்னால் திரும்புவது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த வெளிநாட்டு வீடியோக்களில் நீர் பல மீட்டர் இறங்கும். நம்மிடம் அவ்வளவு கிடையாது. சென்னையில் பௌர்ணமிக்கே வித்தியாசம் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் வரும். மன்னார் வளைகுடாவில் அதைவிடக் குறைவு. ஆகவே நம் பாறைக்குளங்கள் சின்னவை. வாஷ்பேசின் அளவில் ஒரு குழி கிடைத்தாலே போதும், பிள்ளைகளுக்கு அதுவே தாராளம்.

அந்தேரித் தமிழன் (மும்பை)

பெரிய இறக்கம் வேணும்னா எங்க ஊருக்கு வாங்க. மும்பையில கடல் 5 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். மேற்குக் கரையில கண்டத்திட்டு (கரையை ஒட்டின ஆழமில்லாத கடலடி) ரொம்ப அகலம், வடக்கே காம்பே வளைகுடா புனல் மாதிரி குறுகுது, அதனால தண்ணி குவியுது. அமாவாசை பௌர்ணமின்னா இங்க ஏற்றம் உச்சிப் பொழுதுலயும் நள்ளிரவுலயும், இறக்கம் விடியக்காலையிலயும் சாயந்திரத்துலயும். பிள்ளைகளுக்கு வெயில் இல்லாத நேரமா அமைஞ்சது எங்க அதிர்ஷ்டம்.

மரைன் லைஃப் ஆஃப் மும்பைன்னு ஒரு குழு 2017-ல இருந்து பாறைக்கரை நடை கூட்டிட்டுப் போறாங்க. ஹாஜி அலி, கார்ட்டர் ரோடு, ஜுஹு, கிர்காவ்ன்னு ஊருக்கு நடுவுலயே. சாக்கடை நாத்தம் அடிக்கிற இடத்துல, ஃபிளாட் வரிசைக்குக் கீழே பாறை முழுக்கக் கம்பளம் விரிச்ச மாதிரி உயிருள்ள பூக்கள். பூ இல்ல, சூவாந்திட்ங்கிற பிராணின்னு சொன்னாங்க. அதுல மிதிக்கவும் கூடாது, சிலதுல கொடிய விஷம் இருக்கிறதால தொடவும் கூடாது. என் பொண்ணு அஞ்சு வயசுல முதல் தடவை வந்தா. கூட்டிட்டுப் போனவங்க சொன்னது ஒண்ணுதான் எனக்கு நினைவுல நிக்குது: நடக்காதீங்க, உக்காருங்க.

முத்துநகர் டீச்சர் (தூத்துக்குடி)

நான் ஒண்ணாம், ரெண்டாம் வகுப்பு எடுக்குறவ. பிள்ளைங்கள முயல் தீவு பக்கம் கூட்டிட்டுப் போயிருக்கோம். மும்பைக்காரர் சொன்ன "உக்காருங்க" ரொம்பச் சரி. பெரியவங்க பிள்ளைகளை இழுத்துக்கிட்டு "அடுத்தது, அடுத்தது"ன்னு ஒவ்வொரு குழியா ஓடுவாங்க. குழிக்குள்ள இருக்குற உயிரெல்லாம் நம்ம நிழல் விழுந்ததுமே ஒளிஞ்சிடும். "ஒண்ணுமே இல்ல, வா போலாம்"னு கிளம்புறது அந்த நிமிஷத்துலதான். அங்கேயே அசையாம இருந்தா முதல்ல சங்குக்குள்ள குடியிருக்குற துறவி நண்டு நகரும். நீங்க வெறும் சங்குன்னு நினைச்சது நடக்க ஆரம்பிக்கும். அப்புறம் விரல் நீள மீனு கல்லுக்கடியில இருந்து எட்டிப் பார்க்கும். அப்புறம்தான் இறால் குஞ்சு கண்ணுக்குத் தெரியும், கண்ணாடி மாதிரி இருக்கிறதால.

மூணு வயசுப் பிள்ளை அசையாம இருக்குமான்னு கேப்பீங்க. இருக்காது. அதுக்கு ஒரு வேலை கொடுக்கணும். கறுப்புக் குடையைப் பிடிக்கச் சொல்லுங்க. குடை நிழல் விழுந்தா தண்ணி மேல பளபளப்பு போயிடும், உள்ளே அடி வரைக்கும் தெரியும். "நீ குடை பிடிச்சாத்தான் அண்ணனுக்குத் தெரியும்"னு சொன்னா பிள்ளை சிலையா நிக்கும்.

அப்புறம் ஒரு பழைய பெயின்ட் வாளி. அடியை வட்டமா வெட்டி எடுத்துட்டு, தெளிவான பிளாஸ்டிக் தாளை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க. அந்தப் பக்கத்தைத் தண்ணியில லேசா அமுக்கிப் பார்த்தா சினிமாத் திரைதான். வாளி கொண்டுபோங்கன்னு நான் சொல்றது இந்த வாளியைத்தான், அடி இல்லாத வாளி.

கறார் கண்ணன் (சென்னை)

சரி, அடி இல்லாத வாளிக்கு நான் எதிரி இல்லை. எங்க ஊர்ல தூண்டில் வளைவுக்கு (கரை அரிக்காம இருக்கக் கடலுக்குள்ள நீட்டிக் கட்டுற கல் தடுப்பு) போட்ட கருங்கல்லு மேல குடும்பம் குடும்பமா ஏறி நிக்கிறாங்களே, அதைப் பத்தி யாராவது சொல்லுங்க.

பாசிக்கரை

அதற்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது. தூண்டில் வளைவுக் கற்கள் கொட்டி வைத்தவை, இயற்கையாகப் படிந்த பாறை கிடையாது. நடுவே ஆள் விழும் அளவு பொந்து, கால் சிக்கினால் எடுப்பது சிரமம், அலை பக்கவாட்டிலிருந்தும் வரும். கல் முழுக்கக் கொட்டலசு, அதாவது பாறையில் ஒட்டியே வாழும் கூரான ஓட்டுப் பிராணி. விழுந்தால் பிளேடு வைத்துக் கீறியதுபோல் இருக்கும். அந்தக் கீறல் சீழ் பிடிக்கும், நல்ல தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்போ பழைய கான்வாஸ் ஷூவோதான் போட வேண்டும். ஹவாய் செருப்பு பாசியில் எமன்.

கொட்டலசைப் பற்றிச் சொல்ல வந்ததால் இன்னொன்று. பாறையைப் பார்த்தே எது வரை போகலாம் என்று படிக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலே, காய்ந்த பாறையில் மிளகு அளவு நத்தைகள். அதற்குக் கீழே வெள்ளையாகக் கொட்டலசுப் பட்டை. அதற்கும் கீழே சிப்பிகள், அதன் கீழே பச்சையும் பழுப்புமாகப் பாசி. இந்த வரிசை உலகம் முழுக்கப் பாறைக்கரையில் ஏறக்குறைய இப்படித்தான், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்பதைப் பொறுத்து. அலை முரட்டுத்தனமாக அடிக்கும் பாறையில் தெறிப்பு உயரம் போவதால் கொட்டலசும் உயரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதாவது கொட்டலசு இருக்கும் உயரம் வரை அலை வழக்கமாக வருகிறது என்று பாறையே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டை உங்கள் தலைக்கு மேல் இருக்கும் பாறையில், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் பிள்ளையோடு நிற்காதீர்கள்.

முட்டத்துக்காரன்

படிச்சவங்க சொல்ற கணக்கும் எங்க அப்பன் சொல்ற கணக்கும் ஒண்ணுதான். எங்க வீட்டுல "வெள்ளைக்குக் கீழ போகாத"ம்பாங்க. வெள்ளைன்னா இந்தக் கொட்டலசுதான்.

கூட ரெண்டு விஷயம். பாறை ஈரமா கறுப்பா இருந்தா அலை இப்பதான் வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். உப்புப் பூத்து வெளிறிக் கிடந்தா கொஞ்ச நேரமா வரல. இறங்குறதுக்கு முன்னால மேல நின்னு கால் மணி நேரம் கடலைப் பாருங்க. பத்து அலை சின்னதா வரும், பதினொண்ணாவது பெருசா வரும். அந்தப் பெரிய அலை எது வரைக்கும் ஏறுதுன்னு பார்த்துட்டு அதுக்கும் மேல இருக்குற குழியைத் தேர்ந்தெடுங்க. ஒருத்தர் பிள்ளைகளோட குனிஞ்சு பார்த்தா இன்னொருத்தர் கடலைப் பார்த்து நிக்கணும், போன் பார்க்கக் கூடாது. ரெண்டு பெரியவங்க இல்லாம போகவே வேண்டாம்.

எங்க ஊர் லைட்ஹவுஸுக்குக் கீழ இருக்குற பாறை படத்துல அழகா இருக்கும். அங்க பிள்ளைகளைக் கூட்டிட்டு இறங்காதீங்க. என் ஊருதான், அதனால சொல்றேன்.

சாங்கிவாசி (சிங்கப்பூர்)

இங்கேயும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய போவதால் எழுதுகிறேன். சிங்கப்பூரில் ஆழமான இறக்கம் வருடத்தின் நடுப்பகுதியில் விடியற்காலையில் வரும், வருடக் கடைசியில் சாயங்காலமும் இரவும். ஜூன் விடுமுறையில் பிள்ளைகளை நாலரைக்கு எழுப்பி, டார்ச்சோடு சாங்கி கடற்கரைக்குப் போவோம். இருட்டில் பார்ப்பது தனி அனுபவம். பகலில் மண்ணுக்குள் கிடப்பதெல்லாம் வெளியே உலாவும்.

ஆனால் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வெளிநாடு போக முடியாததால் மொத்த ஊரும் சாங்கிக்குத் திரண்டது. கையில் வாளி, மண்வெட்டி, இடுக்கி, சிப்பியை வெளியே வரவைக்க உப்புப் பொட்டலம். பிள்ளைகள் வாளி நிறைய நண்டும் நட்சத்திர மீனும் சேர்த்து, அரை மணி நேரத்தில் எல்லாம் வெந்து செத்தன. இயற்கை ஆர்வலர்கள் எழுதி, பூங்காக் கழகம் தலையிட வேண்டியதாயிற்று.

அதற்கும் முன்னால், 2001-ல் உபின் தீவின் செக் ஜாவா கரையை மண் போட்டு மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மக்கள் குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போனார்கள். அந்த ஆர்வமும் ஆய்வறிக்கைகளும் சேர்ந்துதான் அரசு அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. ஆகக் கூட்டம் காப்பாற்றியதும் உண்டு, கூட்டம் கெடுத்ததும் உண்டு. வித்தியாசம் வாளியில் இருக்கிறது என்பது என் கருத்து. பிள்ளைகள் கையில் வாளி கொடுத்தால் அவர்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பிடிக்க ஆரம்பிக்கிறார்கள்.

முட்டத்துக்காரன்

சிங்கப்பூர் அண்ணே, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க சின்ன வயசுல துறவி நண்டைப் பிடிச்சு மணல்ல கோடு போட்டு ஓட்டப்பந்தயம் விட்டுத்தான் வளர்ந்தோம். சிப்பி பேத்து, கரையிலயே சுட்டுத் தின்னோம். கடலைக் கையால தொட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். இன்னைக்கு டவுன்ல இருந்து வர்றவங்க எங்க பிள்ளைகள்கிட்ட "தொடாதே, விடு"ன்னு பாடம் எடுக்குறாங்க. அவங்க ஊர் சாக்கடை மொத்தமும் கடலுக்குத்தான் வருது, அதுக்கு யாரும் பாடம் எடுக்கல.

பாசிக்கரை

உங்கள் கோபம் நியாயம். ஒரு கிராமத்துப் பத்துப் பிள்ளைகள் எடுத்ததைக் கரை தாங்கியது. விடுமுறை நாளில் வரும் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒன்று எடுப்பதைத் தாங்காது. தவிர உங்கள் பிள்ளைக்கு எது கடிக்கும், எது வழுக்கும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். மதுரையிலிருந்து வரும் பிள்ளைக்குத் தெரியாது.

வாளியில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் வாளித் தண்ணீர் சீக்கிரம் சூடேறும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அதே நேரம் உயிர்களுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். பத்து உயிரை அடைத்தால் மூச்சுமுட்டிச் சாகும். நட்சத்திர மீனைப் படம் எடுக்கத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடிப்பதும் அப்படியே, அது தோல் வழியாகவும் குழாய்க்கால் வழியாகவும்தான் மூச்சுவிடுகிறது. வெள்ளரிக்காய் வடிவில் இருக்கும் கடல் அட்டையைப் பிதுக்கினால் பயத்தில் குடலையே வெளியே தள்ளிவிடும். மறுபடி வளரும், ஆனால் அது வரைக்கும் பட்டினி.

சட்டமும் உண்டு. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை, கடல் விசிறி, இன்னும் சில சங்கு வகைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் பட்டியலில் இருக்கின்றன. கரை ஒதுங்கிய செத்த பவளத்துண்டை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொண்டாலும் குற்றம்தான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் தீவுகளே கரைந்தன. வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள்.

திருமலையான் (திருகோணமலை)

இடையில ஒண்டு சொல்லட்டோ? கடலட்டை உங்கட பக்கம் 2001-ல இருந்து தடை. எங்கட பக்கம் கிளிநொச்சி, யாழ்ப்பாணம், மன்னார்க் கரையெல்லாம் கடலட்டைப் பண்ணை. ஒரே கடல், நடுவில கோடு. பண்ணையால கரைவலைக்காரருக்கும் சிறுதொழில் செய்யிறவைக்கும் இடம் போகுதெண்டு இங்கயும் சண்டை நடக்குது. பிள்ளையள் "அங்க தொட்டாப் பிடிப்பினம், இங்க ஏன் வளக்கினம்" எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?

எங்கட கரையில ஏற்ற இறக்கம் உங்களை விடவும் குறைவு. பாறைக்குளம் பாக்கிறது கடினம். பிள்ளையளுக்கு முகமூடிக் கண்ணாடி போட்டு, முழங்கால் தண்ணியில குனிஞ்சு பாக்க விடுறதுதான் எங்கட வழி.

வைகைக்காரி

எல்லாருக்கும் நன்றி. மே திட்டத்தை விட்டுட்டேன், வீட்டுக்காரர்கிட்ட கள்ளக்கடல் பத்திக் காட்டினதும் அவரே வேண்டாம்னுட்டார். பொங்கலுக்குத்தான் நாகர்கோவில். நடுவுல ஜூலையில ராமேஸ்வரம் போற வேலை இருக்கு, அங்க பார்க்கலாமா? அப்புறம் திருச்செந்தூர்ல கடல் உள்வாங்குதுன்னு செய்தி வருதே, அங்க பாறை எல்லாம் தெரியுதே, அது?

முத்துநகர் டீச்சர்

திருச்செந்தூர்ச் செய்தி அமாவாசை, பௌர்ணமி தவறாம வரும். பாசி படர்ந்த பாறை வெளியே தெரியும், ஜனங்க அதுல ஏறிப் படம் எடுப்பாங்க. பாசிக்கரை மேலே சொன்ன அதே இறக்கம்தான். ஆனா கோயில் கூட்டத்துல பிள்ளையை வச்சுக்கிட்டு அந்தப் பாறையில இறங்க வேண்டாம், பச்சைப் பாசி படுமோசமா வழுக்கும். குளிக்கப் போனவங்களுக்குச் சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு, கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளா உருண்டையா இருக்குற கடல் பிராணி) குத்தின செய்தியும் வந்திருக்கு.

இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க: வழக்கமான இறக்கம் மணிக்கணக்குல மெதுவா நடக்கும், முன்கூட்டியே அட்டவணையில இருக்கும். அட்டவணையில இல்லாத நேரத்துல, சில நிமிஷத்துல கடல் சுருட்டிக்கிட்டு உள்ளே போனா, மீனு துள்ளுதேன்னு பார்க்கப் போகக் கூடாது, மேட்டுக்கு ஓடணும். 2004 டிசம்பர் 26 காலையில பல இடத்துல வேடிக்கை பார்க்க உள்ளே போனவங்கதான் போனாங்க. என் வகுப்புல இதை விளையாட்டா வச்சிருக்கேன், விசில் ஊதினா எல்லாரும் கொடிமரத்து மேட்டுக்கு ஓடணும்.

பாசிக்கரை

ராமேஸ்வரம் ஜூலையில் நல்ல யோசனை, ஒரு பக்கம் மட்டும். அந்தத் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊர்க்காரர்கள் தெற்கை ஆண் கடல், வடக்கைப் பெண் கடல் என்பார்கள். ஜூலையில் தெக்கத்திக் காற்று அடிக்கும், ஆண் கடல் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம்போலக் கிடக்கும். வாடைக் காற்று மாதங்களில் தலைகீழ். எந்த மாதம் போனாலும் அன்றைக்கு ஊர் எந்தப் பக்கத்தில் சிறுபடகை இறக்குகிறது என்று பாருங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுங்கள்.

அந்தப் பக்கம் பெரிய பாறை இல்லை. செத்த பவளக் கற்கள், கடல் புல், பாசி. முழங்காலுக்குக் கீழ்த் தண்ணீரிலேயே நிறைய இருக்கும். கடல் சாமந்தி என்ற பூப்போன்ற விலங்கு நீர் வற்றிய நேரத்தில் மூடிக்கொண்டு, சிப்பித் துணுக்கு ஒட்டிய பிசின் உருண்டையாகக் கிடக்கும். சலனமில்லாத குழியில் இருப்பது மட்டும் விரிந்து பூவாக இருக்கும். தண்ணீருக்குள் ஊதா மை கசிந்தால் பக்கத்தில் கடல் முயல் இருக்கிறது, ஓடு வெளியே தெரியாத கொழுத்த நத்தை. அதைப் பயமுறுத்தியதால்தான் மை, தள்ளி உட்காருங்கள். கல்லைப் புரட்டினால் அதை அப்படியே, அதே பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வையுங்கள். அடியில் இருப்பதெல்லாம் நிழலில் வாழ்பவை, மல்லாந்து கிடந்தால் ஒரே வெயிலில் தீர்ந்தது. சின்னப் பிள்ளைகள் கல்லைப் புரட்டவே வேண்டாம், அடியில் கல் மீனோ (கல்லைப் போலவே கிடக்கும் விஷ முள் மீன்) முள்ளெலியோ இருக்கலாம்.

விடியலில் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவதைப் பார்ப்பீர்கள். அனுபவமுள்ள கைக்கே அந்தப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது.

அந்தேரித் தமிழன்

கொட்டலசைப் பிள்ளைகளுக்குச் சாதாரணமா நினைச்சிடாதீங்க. என் பொண்ணு இன்னைக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்றது அதைத்தான்: தலையைப் பாறையில ஒட்டிக்கிட்டு, காலால சோறு அள்ளித் தின்னுற பிராணி. தண்ணிக்குள்ள இருக்குற கொட்டலசைப் பக்கத்துல போய்ப் பார்த்தா வாய் திறந்து விசிறி மாதிரி காலை நீட்டி இழுக்கும். டார்வின் இதை மட்டும் 8 வருஷம் ஆராய்ச்சி செஞ்சாராம். எட்டு வருஷம்! நான் எட்டு நிமிஷம்னுதான் நினைச்சேன், பொண்ணு அதை விட்டு எழும்பவே இல்லை.

முத்துநகர் டீச்சர்

வாளிச் சண்டைக்கு என் பங்கு. நான் முழுக்கத் தடுக்குறது இல்ல. ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பா, அந்தக் குழித் தண்ணியே, ஒரு நேரத்துல ஒரே உயிர், எல்லாரும் பக்கவாட்டுல பார்த்தாச்சுன்னா எடுத்த இடத்துலயே விட்டுடணும். கையில சன்ஸ்கிரீன், கொசு மருந்து எதுவும் இருக்கக் கூடாது. நண்டை வீட்டுக்குக் கொண்டுபோறது கிடையாது. காலிச் சங்கும் கொண்டுபோறது இல்ல, துறவி நண்டுக்கு வளர வளர பெரிய சங்கு வேணும், அதுக்கு வீட்டுத் தட்டுப்பாடு. பிள்ளைங்க இதை உடனே புரிஞ்சுக்குறாங்க, பெரியவங்கதான் பையில போட்டுக்கிறது.

சாங்கிவாசி

டப்பாவுக்கு நான் இன்னும் உடன்படவில்லை. ஒரு டப்பா வந்தால் பக்கத்துக் குடும்பம் நாலு டப்பா கொண்டுவரும். ஆனால் சங்கு பற்றிச் சொன்னது மிக முக்கியம், வேறொரு காரணத்துக்காகவும். கூம்பு வடிவச் சங்கு, ஐஸ்கிரீம் கோன் போல இருப்பது, காலியா உயிருள்ளதா என்று தெரியாது. உள்ளே இருக்கும் நத்தை விஷ ஊசியை நீட்டிக் குத்தும். சில வகை ஆளையே கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. மன்னார் வளைகுடாவிலும் இவை உண்டு. "கூம்புச் சங்கைத் தொடாதே" என்பதை மூணரை வயதுக்கும் சொல்லலாம்.

வைகைக்காரி

ஐயோ, சின்னவ கையில கிடைக்கிறதை எல்லாம் வாயில வைப்பா. ஏதாவது குத்திட்டா முதல்ல என்ன செய்யணும்?

பாசிக்கரை

முள்ளெலியோ கல் மீனோ குத்தினால், குத்திய இடத்தைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது அமிழ்த்தி வையுங்கள், வலி குறையும். சூட்டை உங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளைக்கு. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோனால் விளாவிக்கொள்ளலாம். உடைந்த முள் ஆழத்தில் இருந்தால் நோண்டாதீர்கள். சொறி மீன் பட்டால் கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் நூலை வெறுங்கை படாமல் எடுங்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். எதுவானாலும் அடுத்தது ஆஸ்பத்திரிதான். கூம்புச் சங்கு என்றால் ஒரு நிமிடம்கூட வலிக்காகக் காத்திருக்க வேண்டாம், சில சமயம் வலியே தெரியாது.

வாயில் வைக்கும் வயது தீரும் வரை அவளைக் குடைப் பொறுப்பிலேயே வையுங்கள். இரண்டு கையும் குடையில் இருக்கும்.

கறார் கண்ணன்

குடை யோசனைக்காகவே டீச்சருக்கு ஒரு ஓட்டு. அடுத்த பௌர்ணமி எப்பன்னு பார்த்துட்டேன். சும்மா பார்த்தேன்.

முட்டத்துக்காரன்

வைகை அக்கா, பொங்கலுக்கு வரும்போது ஞாயித்துக்கிழமையா இருந்தா ஒண்ணு கவனிங்க. எங்க கரை ஊர்கள்ல ஞாயிறு கடலுக்குப் போக மாட்டோம், காலையில மொத்த ஊரும் பூசையில இருக்கும். கரையில ஒரு ஆள் இருக்காது, கத்தினாலும் கேக்காது. கடல் இறக்கம் காலை ஏழுன்னு அட்டவணை சொன்னாலும் அன்னைக்கு விட்டுடுங்க. திங்கக்கிழமை வாங்க, வலை பின்னிக்கிட்டு நாலு பேராவது உக்காந்திருப்போம். எந்தக் குழியில பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) இருக்குன்னு அவங்ககிட்டயே கேளுங்க.